நடுங்காத புள்ளி

மார்ச் 3, செவ்வாய்

"உங்க பொண்ணு தீயணைப்புல இருக்காங்க. அவங்க குழு மலைக்குப் போற அன்னிக்கு நீங்க எந்தத் திரையைப் பார்ப்பீங்க, டீச்சர்?"

போன மாதம் நேர்காணலில் கட்டுப்பாட்டு அறையின் பொறுப்பதிகாரி என்னிடம் கேட்ட கேள்வி. "எனக்குக் கொடுத்த திரையைத்தான்" என்றேன். அவர் பேனாவை மூடிவிட்டு என்னைச் சற்று நேரம் பார்த்தார். வீட்டுப்பாடம் எழுதிவிட்டேன், நோட்டைத்தான் மறந்துவிட்டேன் என்று சொல்லும் பிள்ளையை நான் பார்ப்பேனே, அதே பார்வை. ஆனாலும் சேர்த்துக்கொண்டார். ஆள் பற்றாக்குறை.

இன்று முதல் நாள். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு கட்டடம், அதில் இரண்டாவது மாடி. ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடியிருக்கிறார்கள். வெளியே வெயில் எவ்வளவு கொளுத்துகிறது என்பதை ஏ.சி. போடும் முனகலை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மலையில் மூன்று கம்பங்கள் நட்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு கேமரா, மெல்லத் திரும்பித் திரும்பிக் காட்டைப் பார்க்கிறது. அந்த மூன்று படங்களும் என் முன்னால். புகை தெரிந்தால் சொல்ல வேண்டும். வறண்ட மாதங்கள் முடியும் வரை என்னைப் போன்ற தன்னார்வலர்களுக்கு இதுதான் வேலை.

எதிர்ச் சுவரில் ஒரு பெரிய வரைபடம். மலைக்குப் போயிருக்கும் ஒவ்வொரு குழுவும் அதில் ஒரு பச்சைப் புள்ளி. குழுத் தலைவரின் இடுப்பில் இருக்கும் ரேடியோ, நான் இங்கே இருக்கிறேன், இங்கே இருக்கிறேன் என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்குமாம். புள்ளி அதைக் கேட்டு நகருமாம்.

மூன்றாம் குழுவின் புள்ளி என் மகள்.

கழுத்தைத் திருப்பாமலே அது என் கண்ணில் படுகிறது. அதிகாரியிடம் இதைச் சொல்லவில்லை.

மார்ச் 5, வியாழன்

பக்கத்து நாற்காலியில் ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர். எல்லோரும் 'விசில்' என்கிறார்கள். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்புவதில்லை. புள்ளிகளைக் கவனிப்பது அவர் பொறுப்பு.

"நிக்க இடமில்லாத பஸ்ல யார் டிக்கெட் எடுக்கலைன்னு முகத்தைப் பாத்தே சொல்லுவேன் டீச்சர். இங்க நாலு புள்ளி. காலி வண்டி ஓட்டற மாதிரி இருக்கு."

இன்று ஒரு நல்ல விஷயம் கற்றுக்கொண்டேன். ஒரு கேமராவில் புகை தெரிந்தால் அது எந்தத் திசையில் என்று மட்டும் தெரியும். எவ்வளவு தூரம் என்று தெரியாது. இன்னொரு கேமராவும் அதே புகையைப் பார்த்துவிட்டால் போதும். வகுப்பில் யாரோ சுண்ணாம்புத் துண்டு எறிகிறான். முன் மூலையில் இருப்பவள் ஒரு திசையைக் காட்டுகிறாள்; பின் மூலையில் இருப்பவன் ஒரு திசையைக் காட்டுகிறான். இரண்டு விரலும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் உட்கார்ந்திருப்பவன்தான் ஆள். விசிலிடம் இப்படிச் சொன்னதும், "அப்போ நீங்க அடிச்ச பசங்க எல்லாம் கணக்குப் போட்டுக் கண்டுபிடிச்சவங்களா?" என்கிறார்.

நான் யாரையும் அடித்ததில்லை. நம்ப மாட்டேன் என்கிறார்.

மார்ச் 9, திங்கள்

முற்பகலில் மகளின் புள்ளி சாம்பல் நிறமாகிவிட்டது.

இரண்டு நிமிடம் ரேடியோவிலிருந்து தகவல் வராவிட்டால் புள்ளி சாம்பலாகும். அது எனக்குத் தெரியும், பயிற்சியில் சொன்னார்கள். தெரிந்து என்ன? "விசில்! மூணு சாம்பலாயிடுச்சு!" என்று எழுந்து நின்றுவிட்டேன். ஹெட்போன் கழுத்தில் மாட்டி இழுத்தது. ரேடியோவில் பேசும் ஆப்பரேட்டர் பெண் உடனே கூப்பிட்டாள்.

"மூணாம் குழு. பாறைக்குப் பின்னால இருந்தோம், சிக்னல் இல்ல. என்ன விஷயம்?"

மகளின் குரல். கொஞ்சம் மூச்சு வாங்கினாள்.

"ஒண்ணுமில்ல. சரிபார்த்தோம்."

அதிகாரி தன் கண்ணாடி அறையிலிருந்து என்னைப் பார்த்தார். என் திரைகளில் மூன்றாவது கேமரா ஒரு முழுச் சுற்று சுற்றி வந்திருந்தது. அதை நான் பார்க்கவே இல்லை.

மார்ச் 10, செவ்வாய்

மறுபடி சாம்பல். மறுபடி பாறை.

மார்ச் 12, வியாழன்

வீட்டில் சண்டை.

மகள் வந்ததும் பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை. "அம்மா, இன்னிக்கு என்னை மூணு தடவை கூப்பிட்டாங்க. ஒரு கையில அரிவாள், ஒரு கையால வேரைப் பிடிச்சு ஏறிட்டிருக்கேன். ரேடியோவை எந்தக் கையால எடுக்க? ஒட்டகம் வேற சிரிக்கறான், 'லீடர், உங்கம்மா அட்டெண்டன்ஸ் எடுக்கறாங்க'ன்னு."

ஒட்டகம் அவள் குழுவில் இருக்கும் நெட்டையான பையன்.

"சாம்பலானா கூப்பிடணும்னுதானேடி விதி?"

"அது ஆப்பரேட்டருக்கு. நீ கத்தி, அவங்க பயந்து, என்னைக் கூப்பிட்டு… நான் ஒவ்வொரு பாறைக்குப் பின்னாலயும் போகாம எப்படிம்மா வேலை பாக்கறது? நீ என்னைப் பாக்காதே. புகையைப் பாரு. அதுதான் என்னைப் பாத்துக்கறது."

மாப்பிள்ளை மருந்துக்கடையிலிருந்து அப்போதுதான் வந்தார். இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார். "அத்தை, உங்க ரூம்ல எனக்கும் ஒரு சீட்டு கிடைக்குமா? எனக்கும் இவ எங்க இருக்கான்னு தெரியறதில்ல" என்றார். சிரிக்க வைக்கத்தான் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

அவள் சொல்வது சரி. அவள் சரி என்று தெரிந்தால் மட்டும் கண் அந்தப் புள்ளிக்குப் போவது நின்றுவிடுமா?

மார்ச் 16, திங்கள்

கருவிகளைப் பார்த்துக்கொள்பவரை 'வயர்க்காரர்' என்கிறோம். தோளில் எப்போதும் ஒரு சுருள் கம்பி. என்னைவிட நாலைந்து வயது சின்னவர், நல்ல மனிதர். இன்று மதியம் என் நாற்காலிக்கு வந்தார்.

"டீச்சர், இனிமே உங்களுக்கு நெஞ்சு வலி வராது. சாம்பலாகற நேரத்தை மாத்திட்டேன். ரெண்டு நிமிஷம் இருந்தது, அரை மணி நேரமா வெச்சிருக்கேன். பாறைக்குப் பின்னால போய்ட்டு வந்தாலும் பச்சையாவே இருக்கும்."

"அதிகாரிகிட்ட சொல்லணுமே?"

"சின்ன மாத்தம்தானே. வாரக் கடைசியில சேர்த்துச் சொல்லிக்கறேன்."

ஆப்பரேட்டர் பெண் இரண்டு கையையும் கூப்பினாள். விசில், "இனி வண்டி பாட்டுக்கு ஓடும்" என்றார். நானும் நன்றி சொன்னேன். மனதார.

மார்ச் 19, வியாழன்

நாள் முழுவதும் எல்லாப் புள்ளிகளும் பச்சை. எத்தனை நிம்மதி! என் திரைகளை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. அதிகாரி போகும்போது, "இன்னிக்கு நல்லாப் பாத்தீங்க டீச்சர்" என்றார்.

காற்றுதான் சரியில்லை. வீட்டுக் கதவுகள் தானாக அடித்துக்கொள்கின்றன.

மார்ச் 24, செவ்வாய். மதியம்

தேநீர் அறை. ஐந்து நிமிடம் விட்டிருக்கிறார்கள்.

புகை. இரண்டாவது கேமராவில் நான்தான் முதலில் பார்த்தேன். முதலில் தூசி என்றுதான் நினைத்தேன். தூசி கலைந்துவிடும், இது கலையவில்லை. ஒன்றாவது கேமராவைத் திருப்பச் சொன்னேன், அதிலும் தெரிந்தது. இரண்டு கோடும் வெட்டும் இடம் மலையின் கிழக்குச் சரிவு, பழைய கல்குவாரிக்குக் கீழே. இரண்டு குழுக்களை அனுப்பியிருக்கிறார்கள். முதல் குழு மேல் பாதையில். மூன்றாம் குழு கல்குவாரியில்.

மாப்பிள்ளை போன் செய்தார். கடையிலிருந்தே புகை தெரிகிறதாம். "அத்தை, அவ எங்க இருக்கா?" "கல்குவாரியில. வெறும் பாறை, ஒரு புல்லுகூட இல்ல. அந்த மலையிலயே பத்திரமான இடம் அதுதான்" என்றேன்.

புள்ளி பச்சை. பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.

மார்ச் 24. மாலை. ஆஸ்பத்திரி வராந்தா

உள்ளே விட மாட்டேன் என்கிறார்கள். "எல்லாரும் உயிரோடதான் வந்திருக்காங்கம்மா, டாக்டர் பாத்துட்டிருக்கார்" என்று ஒரு நர்ஸ் சொல்லிவிட்டுப் போனாள். அதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. மாப்பிள்ளை வாசலுக்கும் படிக்கட்டுக்கும் நடந்துகொண்டிருக்கிறார். என்னிடம் பேசவில்லை. பேசாததும் நியாயம்தான். எழுதாமல் இங்கே உட்கார முடியாது. வரிசையாக எழுதுகிறேன்.

தேநீர் அறையிலிருந்து திரும்பி வந்தேன். காற்று மாறியிருந்தது. அதுவரை இடது பக்கம் சாய்ந்திருந்த புகை, கேமராவில், யாரோ தலைமயிரைப் பிடித்து இழுத்தது போல வலது பக்கம் திரும்பி நிலத்தோடு படுத்தது. "கவனம். இரண்டாவது கேமரா. புகை திரும்பிவிட்டது" என்றேன். அப்படித்தான் சொல்ல வேண்டும் — முதலில் கவனம், பிறகு எங்கே, பிறகு என்ன. அதிகாரி கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்துவிட்டார்.

மேல் பாதையில் இருக்கும் முதல் குழுவுக்குத்தான் ஆபத்து என்று முடிவு செய்தார். சரியான முடிவு. வரைபடத்தில் பார்த்தால் யாரும் அதையே செய்வார்கள். ஆப்பரேட்டர் பெண் அவர்களைக் கீழே கொண்டுவரும் வேலையில் இறங்கினாள். பதினொரு பேர், ஒரு வண்டி, குறுகலான பாதை. "மூணாம் குழு கல்குவாரியிலயே இருக்கட்டும். அங்க தீ வராது."

எனக்கும் உயிர் வந்தது. என் திரைக்குத் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை. புள்ளியைப் பார்த்தேன்.

வகுப்பில் பிள்ளைகளை அசையாமல் உட்காரச் சொல்லுங்கள். உட்காருவார்கள். ஆனால் அசையாத பிள்ளை என்று ஒன்று கிடையாது. ஒருவன் மூக்கைச் சொறிவான், ஒருத்தி பின்னலை இழுப்பாள். உண்மையாகவே ஒன்று துளியும் அசையாமல் இருக்கிறது என்றால், அது பையை பெஞ்சில் நிமிர்த்தி வைத்துவிட்டு ஓடிப்போனவனின் இடம். புள்ளிகளும் அப்படித்தான். குழு ஒரே இடத்தில் நின்றாலும் புள்ளி ஓயாமல் இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் நடுங்கிக்கொண்டே இருக்கும். செயற்கைக்கோள் வானத்திலிருந்து அளப்பதால் அப்படி என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். முதல் குழு நடுங்கியது. தண்ணீர் லாரி மேட்டில் நின்றிருந்தது, அதுவும் நடுங்கியது. மகள் நடுங்கவில்லை. ஆணி அடித்தது போல.

"விசில், மூணு நடுங்கல."

"பச்சையாத்தானே இருக்கு டீச்சர்?"

"பச்சைதான். நடுங்கல."

அவர் எழுந்து சுவருக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தார். திரும்பி என்னைப் பார்த்த முகத்தில் கிண்டல் இல்லை.

"கவனம்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "கவனம். வரைபடம். மூணாம் குழுவோட புள்ளி பழசு."

அதிகாரி திரும்பாமலே, "டீச்சர், உங்க வேலை புகை" என்றார். கோபமாகக்கூட இல்லை, களைப்பாக. அவரைக் குறை சொல்ல முடியுமா? ஒவ்வொரு பாறைக்கும் கத்தியவள் நான்தானே.

"நான் அம்மாவா சொல்லல சார். மத்த புள்ளியெல்லாம் ஆடுது. இது ஆடல. வந்து பாருங்க. பாத்துட்டு என்னை வெளிய அனுப்புங்க."

அவர் வந்தார். பார்த்தார். "வயர்க்காரரே, மூணு கடைசியா எப்போ பேசிச்சு?"

வயர்க்காரர் விசைப்பலகையைத் தட்டினார். அவர் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். "இருபது நிமிஷத்துக்கு முன்னால சார். சாம்பலாகற நேரத்தை நான்… அரை மணி…"

"அப்புறம் பேசலாம்" என்றார் அதிகாரி. ரேடியோவை எடுத்துக் கூப்பிட்டார். பதில் இல்லை. மறுபடி. இரைச்சல் மட்டும். ட்ரோன் அனுப்ப முடியாது, அந்தக் காற்றில் அது காகிதம். மேட்டில் நிற்கும் தண்ணீர் லாரி டிரைவரைக் கூப்பிட்டார்: அவர் இருக்கும் உயரத்திலிருந்து அந்தப் பக்கம் எட்டும்.

"மூணாம் குழுவா? இருங்க… கேக்குது சார், மெல்லமா கேக்குது. குவாரில ஒரு பைக் நின்னுதாம். ஆளைக் காணோம்னு தேடிட்டு ஓடைக்குள்ள இறங்கிட்டாங்களாம். ஆள் கிடைச்சிட்டாராம், கால் சுளுக்கு. தூக்கிட்டு மேல குவாரிக்கே ஏறப் போறாங்களாம்."

வறண்ட ஓடை. இரண்டு பக்கமும் சரிவு, நடுவில் சருகு. தீ பிடித்தால் அது ஓடை இல்லை, புகைபோக்கி.

அதே நேரம் ஆப்பரேட்டர் பெண் அடுத்த அலைவரிசையில் முதல் குழுவை வளைவு வளைவாக இறக்கிக்கொண்டிருந்தாள். அதிகாரி அவளை விட்டு நகர முடியாது. இரண்டாவது கேமராவைக் காட்டி என்னைக் கேட்டார், "அங்க என்ன தெரியுது?"

பார்த்தேன். முதல்முறையாக ஒழுங்காகப் பார்த்தேன். ஓடைக்கு மேலே, குவாரிக்கும் அவர்களுக்கும் நடுவில், பழுப்பாகக் கனத்த புகை. கீழே, என் திரையில் வலது கரையில், மெல்லிய வெள்ளைப் புகை, அடியில் கறுப்பு. "மேல எரியுது. கீழ வலது கரை எரிஞ்சு முடிஞ்சிடுச்சு."

எரிந்து முடிந்த இடத்தில் மறுபடி எரிய ஒன்றுமில்லை. பயிற்சியில் முதல் நாள் சொன்னது.

அவர் ரேடியோவை என் கையில் வைத்தார். "நீங்களே சொல்லுங்க. பேர் வேண்டாம். உறவு வேண்டாம்."

வலது என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். சொல்லியிருந்தால் — நினைக்கவே முடியவில்லை. கேமரா கீழேயிருந்து மேலே பார்க்கிறது. அவர்கள் கீழே, கேமராவைப் பார்த்து இறங்க வேண்டும். பிள்ளைகள் வலது கை தூக்க வேண்டுமென்றால் டீச்சர் இடது கையைத் தூக்க வேண்டும். முப்பது வருஷம் செய்தது. என் வலது, அவளுக்கு இடது.

"தண்ணி லாரி, நான் சொல்றதை அப்படியே சொல்லுங்க. மூணாம் குழு, மேல ஏறாதீங்க. ஏறாதீங்க. ஓடை இறங்கற பக்கம் முகம் வெச்சு நில்லுங்க. உங்க இடது கை பக்கம் கரை. அது எரிஞ்சு முடிஞ்சது. அதுக்குள்ள போங்க. திரும்பச் சொல்லுங்க பார்ப்போம்."

"மூணாம் குழு, மேல ஏறாதீங்க, இடது கரைக்குப் போங்க—"

"முகம் எந்தப் பக்கம்?"

"என்னம்மா, பாடம் நடத்தறீங்களா?"

"ஆமாய்யா, பாடம்தான். முகம் எந்தப் பக்கம்?"

"இறங்கற பக்கம் முகம்!" என்று கத்தினார். "இறங்கற பக்கம் முகம், இடது கை, எரிஞ்ச கரை!" பிறகு அவர் அந்தப் பக்கம் சொன்னது கேட்டது, ஒரு சொல் விடாமல். பிறகு இரைச்சல்.

பிறகு ஒன்றுமில்லை.

என் திரையில் பழுப்புப் புகை ஓடையைக் கீழ்நோக்கி மூடியது. கேமராவில் இனி பார்க்க எதுவும் இல்லை. விசில் என் நாற்காலியின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். என் போன் மேசையில் அதிர்ந்தது. மாப்பிள்ளை. நான் எடுக்கவில்லை. எடுத்து என்ன சொல்ல? அவ எங்க இருக்கான்னு எனக்குத் தெரியாதுப்பா. நீங்க கேட்டப்பவே தெரியாது. தெரியும்னு நினைச்சேன்.

எவ்வளவு நேரமோ.

புள்ளி குதித்தது. குவாரியில் ஆணி அடித்திருந்த புள்ளி அங்கிருந்து மறைந்து, வரைபடத்தின் கீழ் ஓரத்தில், ஓடையின் இடது கரையில் தோன்றியது. நடுங்கியது. என்ன ஒரு நடுக்கம்! உயிருள்ள பொருள் போல.

"மூணாம் குழு." அவள் குரல்தான். கரகரவென்று. "நாலு பேர், கூட ஒருத்தர். கறுப்புல உக்காந்திருக்கோம். ஒருத்தனுக்குக் கை வெந்திருக்கு. ஆம்புலன்ஸ் வேணும்."

"கேட்டது" என்றேன். வேறு எதுவும் சொல்லவில்லை. ரேடியோவை மேசையில் வைத்தேன். 

— டாக்டர் வருகிறார்.

மார்ச் 25, புதன்

கை வெந்தது ஒட்டகத்துக்கு. வேறு இடத்துத் தோலை எடுத்து ஒட்ட வேண்டும், விரல்கள் பிழைத்துவிடும் என்கிறார்கள். மற்ற எல்லோரும் புகை குடித்ததோடு சரி. மகள் காலையில் வீட்டுக்கு வந்தாள். மூன்று தடவை தலைக்குக் குளித்தும் வாசனை போகவில்லை.

நெடுநேரம் கழித்து, துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டே, "அது நீதான்னு தெரிஞ்சுது" என்றாள்.

"நான் பேர் சொல்லலையே?"

"டிரைவர் ஒரு வார்த்தை விடாம சொன்னார். 'திரும்பச் சொல்லுங்க பார்ப்போம்'னு அதையும் சேத்துச் சொன்னார். ரேடியோவுல யாரும்மா 'பார்ப்போம்'னு சொல்வாங்க?"

சிரித்தோம். பிறகு அவள் சிரிப்பு நின்றது.

"ஓடைக்குள்ள இறங்கறதுக்கு முன்னால நான் சொன்னேம்மா. ரேடியோவுல சொன்னேன். யாரும் பதில் சொல்லல, அதுக்குள்ள சிக்னல் போயிருக்கணும். அங்கேயே நின்னு இன்னொரு தடவை கூப்பிட்டிருக்கணும். என் புள்ளி உங்களுக்குத் தெரியுமேன்னு இறங்கிட்டேன்."

நாங்கள் அவள் குவாரியில் இருக்கிறாள் என்று நம்பினோம். நாங்கள் அவளைப் பார்க்கிறோம் என்று அவள் நம்பினாள். யாருமே பொய் சொல்லவில்லை.

அந்தப் புள்ளியைப் பச்சையாக வைத்திருந்தது எதற்காக என்று நான் அவளிடம் சொன்னேன். நான் நன்றி சொன்னதையும் சொன்னேன். அவள் எழுந்து போய் ஒட்டகத்தின் அம்மாவுக்குப் போன் செய்தாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

மார்ச் 28, சனி

கூட்டம். வயர்க்காரர் எழுந்து, "நான்தான் மாத்தினேன்" என்றார். நான் எழுந்து, "எனக்காகத்தான் மாத்தினார்" என்றேன். விசில் எழுந்து, "ஒரு வாரமா ஒரு தடவைகூட சாம்பலாகலையே, மலையில பாறையே இல்லாமப் போயிடுச்சான்னு நான் ஏன் கேக்கல?" என்றார். அதிகாரி, "எல்லாரும் உக்காருங்க. எழுந்து நிக்க இது ஸ்கூல் பிரேயர் இல்ல" என்றார்.

சாம்பலாகும் நேரம் மறுபடி இரண்டு நிமிடம். இனி அதிகாரி கையெழுத்தில்லாமல் யாரும் மாற்ற முடியாது. ஒவ்வொரு புள்ளிக்குக் கீழும் அது எவ்வளவு பழசு என்று எண் ஓடும். குழு இடம் மாறினால், சொன்னால் மட்டும் போதாது; அறை அதைத் திரும்பச் சொல்லும் வரை நகரக் கூடாது.

எல்லோரும் போன பிறகு என்னை நிற்கச் சொன்னார்.

"நல்ல வேளை, அன்னிக்கு நீங்க தப்பான திரையைப் பாத்தீங்க டீச்சர்."

மேசையில் கிடந்த ஹெட்போனின் வயரைச் சுருட்டினேன்.

"ஆனா அதை நம்பி நான் இந்த ரூமை நடத்த முடியாது. மூணாம் குழு மலைக்குப் போற நாள்ல நீங்க வரவேண்டாம்."

"சரிங்க" என்றேன். அவர் தவறாகச் சொல்லவில்லை. 

ஏப்ரல் 2, வியாழன்

மூன்றாம் குழு மலையில். நான் வீட்டில். ஒரே சட்டையை மூன்று தடவை மடித்தேன்.

ஏப்ரல் 7, செவ்வாய்

ஒட்டகத்தைப் பார்த்து வந்தோம், மகளும் நானும். கையில் பெரிய கட்டு. "டீச்சரம்மா, அட்டெண்டன்ஸ் எடுங்க. உள்ளேன் ஐயா" என்று அந்தக் கையையே தூக்கிக் காட்டினான். அவன் அம்மா என் தோளில் சாய்ந்து அழுதாள். திரும்பும் வழியில் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். 

ஏப்ரல் 15, புதன்

புதிதாகச் சேரும் தன்னார்வலர்களுக்கு முதல் நாள் வகுப்பை நான் எடுக்க வேண்டும் என்று அதிகாரி சொல்லியிருந்தார். இன்று எடுத்தேன். ஒன்பது பேர். ஒரு தையல்காரர், தபால்காரராக இருந்த ஒருவர், இரண்டு கல்லூரிப் பெண்கள். வெள்ளைப் பலகை, எழுதாத பேனா, எல்லாம் பள்ளிக்கூடம் போலவே.

கேமராக்கள், புள்ளிகள், ரேடியோ மூன்றையும் காட்டினேன். இவை மலையில் இருப்பவர்களுக்கு நாம் கொடுக்கும் கண்ணும் காதும் என்றேன். கண் ஒருமுறை பார்த்ததையே இப்போதும் பார்ப்பதாக மனம் நினைத்துக்கொள்ளும். அதுதான் ஆபத்து என்றேன். தபால்காரர் கையைத் தூக்கினார். "பச்சைன்னா பத்திரம்னு அர்த்தமில்லையா?"

"இல்லை. அந்த நேரத்துல அங்க இருந்தாங்கன்னு அர்த்தம். அவ்வளவுதான்."

கடைசி வரிசையில் மகள் உட்கார்ந்திருந்தாள், சீருடையில். களத்திலிருந்து ஒருவர் வந்து பேச வேண்டும் என்று அனுப்பியிருந்தார்கள். வேறு யாரையும் அனுப்பச் சொல்லி அவள் கேட்கவில்லையாம். அவள் முறை வந்தபோது முன்னால் வந்து நின்றாள். ஓடைக்குள் இறங்கியதை அவளே சொன்னாள், எதையும் குறைக்காமல். முடிவில் என் பக்கம் திரும்பி, "டீச்சர், நான் சொன்னதுல எதாவது விட்டுப்போச்சா?" என்றாள்.

"இல்லை. உக்காருங்க" என்றேன்.

வகுப்பு முடியும்போது பலகையில் வீட்டுப்பாடம் எழுதினேன். இந்தப் பக்கம் என்றைக்காவது வேறு யார் கண்ணிலாவது பட்டால், அவர்களும் செய்து பார்க்கட்டும்:

வீட்டில் இப்போது இல்லாத ஒருவரை நினைத்து, அவர் எங்கே இருக்கிறார் என்று ஒரு தாளில் எழுதி, அது உங்களுக்குக் கடைசியாக எப்போது தெரிந்தது என்பதையும் பக்கத்தில் எழுதிவிட்டு, அவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.